அட்டிற்புகையும் கண் சிவப்பும்

சங்கச் செய்யுட்களில் உண்ணும் காட்சிகள் பல; அடும் காட்சிகள் சில. ஆற்றுப்படை நூல்களில் பாணரும் பொருநரும் பெற்ற சோறும் ஊனும் கள்ளும் விரித்துப் பேசப்படும். அவற்றை ஆக்கிய கை எவருடையது, அக்கை எத்தகைய இடத்திலிருந்து ஆக்கிற்று என்னும் வினாக்களுக்கு அந்நூல்கள் பெரும்பாலும் விடை கூறுவதில்லை. ஆகலின், அடுப்பின் முன் நிற்கும் ஒரு பெண்ணைப் புலவன் நேரே காட்டும் இடங்கள் நம் கருத்திற்கு உரியன ஆகின்றன. அவ்விடங்களுள் மூன்று நம் வகுப்பறைகளில் இடையறாது எடுத்துக்காட்டப் பெறுவன: கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167 ஆம் செய்யுள், மாங்குடி கிழார் பாடிய நற்றிணை 120 ஆம் செய்யுள், சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதை. மூன்றிலும் சமைப்பவளின் கண் பேசப்படுகிறது. மூன்றையும் 'இல்லற மாண்பு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்து, அடுப்பின்முன் கலங்கிய கண்ணை மனைவியின் அன்பிற்குச் சான்றாகக் காட்டி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கம் செய்யுளின் பொருளைக் குறைக்கின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து. புகை அன்பின் அணியாக மட்டும் நின்றிருப்பின் மூன்று புலவரும் அதனை ஒரே வகையாகவே ஆண்டிருப்பர். அவர்கள் அவ்வாறு ஆளவில்லை. கலங்கிய கண்ணைக் காண்பவர் யார், எங்கிருந்து காண்கிறார், அக்கண்ணைக் கொண்டு செய்யுள் யாது செய்கிறது என்பன இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை உணர்வதற்கு, புகையை அணியாக்கும் முன் புகையாகவே கொள்ளல் வேண்டும்.

குறுந்தொகைச் செய்யுள் செவிலி கூற்று. மணந்து தனிமனை புகுந்த மகளைக் கண்டு மீண்ட செவிலி, தான் கண்டதை நற்றாய்க்கு உரைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த மெல்விரல், அவ்விரலைக் கழுவாமலே ஆடையைத் திருத்திக்கொண்ட விரைவு, குவளை போன்ற கண்களில் வந்து நிறைந்த தாளிப்புப் புகை, தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பு, அதனைக் கணவன் இனிதென்று உண்டமை, அவள் முகத்தில் நுண்ணிதாகத் தோன்றிய மகிழ்ச்சி என இச்சிறு செய்யுளில் செய்திகள் அடுக்கி வருகின்றன. உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937 இல் வெளிவந்தது. ஆடை பற்றிய அடிக்குப் பொருள் கொள்வதில் உரைகாரரிடையே வேறுபாடு உண்டு. கழுவப்படாதது விரலா ஆடையா என்று வாதிட்ட நாம், கண்ணில் நிறைந்த புகை எத்தகையது என்று கேட்டதில்லை.

செய்யுள் அதனைத் தெளிவாகவே கூறுகிறது. புலவர் ஆண்ட சொல் 'குய்'. குய் என்பது தாளிப்பு. காய்ந்த நெய்யிலோ எண்ணெயிலோ மணப்பொருள் விழும்போது குபீரென எழும் ஆவி. விறகுப் புகை வேறு, குய்ப்புகை வேறு. முன்னது அடுப்பின் வாயிலிருந்து எழுந்து அட்டில் முழுதும் பரவும். பின்னது கலத்தின் வாயிலிருந்து எழுந்து, அதன்மேல் குனிந்திருப்பவளின் முகத்தையே முதலில் தாக்கும். இவ்விரண்டையும் இன்றைய மருத்துவ நூலாரும் பிரித்தே எண்ணுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிப் பன்னாட்டு முகமை, 2010 இல் வெளியிட்ட தன் 95 ஆம் தொகுதியில், வீட்டினுள் நிலக்கரி எரிப்பதால் எழும் புகையை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று உறுதியாக வகுத்தது. விறகு முதலியவற்றின் புகையையும், மிகு வெப்பத்தில் எண்ணெயிற் பொரிப்பதால் எழும் ஆவியையும் தனித்தனியே ஆராய்ந்து, இரண்டும் புற்றுநோய் விளைப்பனவாகலாம் என்பதற்குப் போதிய வலிவுண்டு என்னும் அடுத்த வகுப்பில் வைத்தது. இதனால் பண்டைத் தமிழர் இவ்வறிவியலை முன்னரே அறிந்திருந்தனர் என்று கூறுவது என் கருத்தன்று. அத்தகைய பெருமையுரைகளால் நம் துறைக்கு நேர்ந்த இழுக்குப் போதும். புலவர் தாம் கண்டதை உரிய பெயரால் சொன்னார் என்பதே ஈண்டு வேண்டுவது.

அவ்வுரிய பெயர் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைக் கருதுக. கண் கலங்கியது விறகாலன்று, தாளிப்பால் என்று பிரித்துணர்வதற்கு அட்டிலின் உள்ளே நின்றிருத்தல் வேண்டும். பல்லாண்டு அடுப்போடு பழகியிருத்தலும் வேண்டும். செவிலி அத்தகையவள், அவள் சொல்லைக் கேட்கும் நற்றாயும் அத்தகையவள். தன் வீட்டில் ஏவலர் பணிசெய்ய வளர்ந்த மகள், இன்று கழுவாத விரலோடும் கலங்கிய கண்ணோடும் நிற்கின்றாள் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கூறும்போது, அக்கூற்றில் மகிழ்ச்சியும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. நற்றிணை 110 ஆம் செய்யுளில், பாலுண்ண மறுத்து ஓடிய மகள் கொண்டவன் வீட்டு வறுமையில் பொழுது மறுத்து உண்ணக் கற்றதை எண்ணி வியக்கும் குரலும் இவ்விரண்டும் கலந்ததே. முகத்தில் மகிழ்ச்சி 'நுண்ணிதாக'த் தோன்றிற்று என்று செவிலி அளந்து சொல்கிறாள். மகிழ்ச்சி நுண்ணிது, புகையோ கண்களை நிறைத்தது. இவ்விரண்டு அளவையும் ஒரே மூச்சில் சொல்பவளின் குரலை 'அன்பின் பெருக்கு' என்று மட்டும் எழுதிவிடுதல் பொருந்துமா?

நற்றிணைச் செய்யுளில் காண்பவன் ஆடவன். செய்யுளும் மருதத்திணைக்கு உரியது. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவன், விருந்தினரை வாயிலாகக் கொண்டு மனையுட் புகுகின்றான் என்பது துறைக்குறிப்பு. அவன் கண்முன் மனை விரிகின்றது. தூணில் கட்டப்பெற்ற எருமைக் கன்று. வாழையிலையை வகுத்து வகுத்துச் சிவந்த மோதிரவிரல். புகையை உண்டு மாறுபட்ட கண். பிறைபோன்ற நெற்றியில் நுண்ணிய வியர்வை. அதனைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அட்டிலில் நிற்கும் மனைவி. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு 1915 இல் நற்றிணை அச்சேறியது முதல் இக்காட்சி எண்ணற்ற கட்டுரைகளில் ஓவியமெனப் பாராட்டப்பட்டு வருகிறது. ஓவியந்தான், ஐயமில்லை. ஆனால் ஓவியத்தை எழுதுபவன் வாயிலில் நிற்கும் குற்றவாளி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

செய்யுளின் இறுதியில் அவன் விரும்புவது யாது? நம் மனைக்கு விருந்து வருக என்கிறான். வந்தால் அவள் சிவக்கமாட்டாள். சிறிய பற்கள் தோன்ற முறுவலிப்பாள். அம்முகத்தை நாம் காணலாம். சிவத்தல் என்பது ஈண்டுச் சினத்தல். செய்யுளின் நடுவில் விரலைக் கூறியபோதும் அதே சொல்லின் சாயலைக் கேட்டோம். புகையுண்ட கண் என்றபோதும் சிவப்பே நினைவில் எழுந்தது. ஆக, ஒரே முகத்தில் இருவேறு சிவப்புக்கு இடம் உண்டு: உழைப்பும் புகையும் தந்த சிவப்பு ஒன்று, அவன் ஒழுக்கம் தந்த சிவப்பு மற்றொன்று. முன்னதை அவன் அழகென்று வருணிக்கின்றான்; வியர்வைத் துளியும் அவனுக்கு எழிலாகவே படுகிறது. பின்னதைக் காண அஞ்சுகின்றான். அதனை மறைப்பதற்கு விருந்தை அழைக்கின்றான். விருந்து வந்தால் யாது நிகழும்? அடுப்பு இன்னும் எரியும். புகை இன்னும் மிகும். அவள் கண் இன்னும் சிவக்கும். அச்சிவப்பில் சினத்தின் பங்கு எவ்வளவு என்று எவரும் கேட்கமாட்டார். ஊடற்குரிய கண்ணீரும் புகையின் கணக்கில் எழுதப்படும்.

மாங்குடி கிழார் இதனை அறியாமல் பாடினார் என்று கொள்வதற்கு இடமில்லை. மகிழ்ச்சியான இல்வாழ்க்கையைப் பாடுவதே அவர் நோக்கமாயின், குறுந்தொகைச் செய்யுளைப்போல முல்லையில் பாடியிருக்கலாம். மருதத்தில் வைத்தமையாலேயே தலைவனின் பாராட்டு நம் செவியில் இரட்டைப் பொருள் படுகிறது. புகையுண்ட கண்ணை அழகென்று நாமும் அவனோடு சேர்ந்து பாராட்டுவோமாயின், புலவர் பக்கம் நில்லாமல் வாயிலில் நிற்பவன் பக்கம் நின்றவராவோம். 'விருந்தோம்பல்' என்னும் தலைப்பின்கீழ் இச்செய்யுளைப் பாடமாக்கிய நூல்கள் செய்தது அதுவே.

இனி, ஒரு தடை எழக்கூடும். புகை பழந்தமிழர்க்குத் துன்பமாகத் தோன்றவில்லை. புகை எழுதல் வளத்தின் அறிகுறி என்பர். உண்மை. புறநானூறு 164 ஆம் செய்யுளில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் காட்டும் அடுப்பு, சமைத்தலையே மறந்து காளான் பூத்த அடுப்பு; பால் காணாது அழும் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் மனைவியின் கண் நீரால் நிறைந்திருக்கிறது. சிறுபாணாற்றுப்படையின் வறிய அட்டிலிலும் காளான் உண்டு. நாய் குட்டி போட்டுக் கிடக்கும். புகையற்ற அட்டிலில் கலங்கிய கண் பசியால் கலங்கியது. புகை நிறைந்த அட்டிலில் கலங்கிய கண் சமையலால் கலங்கியது. இவ்விரு கண்ணீருள் ஒன்றைத் தேர்க என்றால் எவளும் பின்னதையே தேர்வாள். ஆயின் அத்தேர்வு புகையை நன்மையாக்கிவிடாது. வறியவர்க்கு உலகம் முழுதும் இன்றும் இருக்கும் தேர்வு ஏறத்தாழ இதுவே.

இன்று அறியப்பட்டவற்றைச் சிறிது கூறுதல் இவண் தகும். விறகும் சாணமும் வைக்கோலும் திறந்த அடுப்பில் முற்றாக எரிவதில்லை. எரியாது எஞ்சியவை நுண்துகளாகவும் நச்சு வளியாகவும் வெளிப்படுகின்றன. புகையிலுள்ள சில பொருள்கள் கண்ணை உறுத்தி நீர் வரச் செய்யும். இதுவே புலவர் கண்டது. இரண்டரை மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள் மூச்சுப்பையின் கடைநுனிவரை சென்று தங்கும். கார்பன் மோனாக்சைடு என்னும் வளி குருதியில் கலக்கும். இவ்வளிக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணை அது சிவக்கச் செய்வதில்லை. கண் அறிவிக்கும் தீமையிலும் கண் அறிவியாத தீமையே பெரிது. சமையற் புகை முதலியவற்றால் வீட்டினுள் மாசுபட்ட காற்று 2020 ஆம் ஆண்டில் 32 இலட்சம் உயிர்களைக் கொண்டதென உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. அவற்றுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2,37,000 பேர்க்கு மேல். இதயநோய், பக்கவாதம், நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரற் புற்று, குழந்தைகளுக்கு வரும் சளிக்காய்ச்சல் ஆகியன இதன் விளைவுகளாக எண்ணப்படுகின்றன. கண்புரைக்கும் இதற்கும் தொடர்புண்டென்பர்.

இந்திய மருத்துவர் இதனைக் கண்ட வரலாறும் ஒரு 'கூற்று' வரலாறே. நுரையீரல் கெட்டு அதனால் இதயத்தின் வலப்புறம் வீங்கித் தளரும் நோய், மேலைநாடுகளில் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆடவரின் நோயாகக் கருதப்பட்டது. தில்லியில் பணிபுரிந்த மருத்துவர் எஸ். பத்மாவதி, எஸ். என். பாதக் என்பாரோடு 1959 இல் வெளியிட்ட ஆய்வில், புகைபிடித்தறியாத மகளிரிடத்தும் அந்நோய் மிக்கிருத்தலைச் சுட்டினார். அடுப்புப் புகையைக் காரணமாகக் கருதினார். செவிலி நற்றாய்க்கு உரைத்ததுபோல, அட்டிலுள் நிகழ்வதைக் கண்டு பிறர்க்குக் கூறியவர் ஈண்டும் ஒரு பெண். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1953 இல், எஸ். பி. ராஜு புகையற்ற அடுப்புப் பற்றி எழுதிய ஆங்கில நூல் சென்னையில் அச்சேறியிருந்தது. ஆயின் அடுப்பை மாற்றிய அளவில் எல்லாம் சீர்ப்படும் என்றும் கூறுவதற்கில்லை. தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கோத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் கருவுற்ற மகளிர் ஏறத்தாழ 3,200 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2022 இல் வெளிவந்தது. விறகடுப்பில் சமைத்தோர் பெற்ற நுண்துகள் கனமீட்டருக்கு ஏறத்தாழ 70 மைக்ரோகிராம் எனின், எரிவாயு பெற்றோர் பெற்றது ஏறத்தாழ 24. இவ்வளவு குறைந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புகையின் தீமை ஐயத்திற்கு உரியதன்று. அது உடம்பில் எப்பொழுது, எவ்வளவில் வேலை செய்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

செய்யுளுக்கு மீள்வோம். கண்ணோடு நின்றுவிட்டமை புலவரின் குறையா? குறையென்று கூறேன், அகத்திணை மரபின் எல்லை அது. அகத்தலைவி மூப்படைவதில்லை. அவளுக்கு உரிய நோய் காமநோய். உரிய நிறமாற்றம் பசலை. புகை அவள் கண்ணைத் தொடலாம், ஏனெனில் கண் அழகின் உறுப்பு. மார்பினுள் சென்று இருமலாக மாறுதற்கு மரபு இடந்தராது. இருமல் சங்கப் பாட்டில் இல்லாமல் இல்லை. புறநானூறு 243 ஆம் செய்யுளில் தொடித்தலை விழுத்தண்டினார், தண்டூன்றி நடுங்கிச் சொல்லுக்கிடையே இருமும் முதுமையைத் தம்முடையதாகப் பாடுகிறார். ஆற்று மடுவில் பாய்ந்து மணலெடுத்து வந்த இளமையை எண்ணி இரங்குகிறார். அவ்விருமல் ஆடவரின் இருமல். முதிய மகளிரும் புறத்தில் உண்டு: நரைத்த கூந்தல், நரம்பெழுந்த தோள் எல்லாம் கூறப்படும், மகனின் வீரத்தை எடுத்துக்காட்டவே அவர் வருவர். அகத்தில் புகையுண்டவள் புறத்தில் முதியவளாகி இருமுவதை யான் தேடிய அளவில் தொகைநூல்களில் கண்டிலேன். இரு திணைக்கும் இடையே அவள் மறைந்துவிடுகிறாள்.

மரபின் எல்லையை ஒருவாறு தளர்த்தியவர் இளங்கோவடிகள். கொலைக்களக் காதையில் மாதரி தந்த சிற்றிலில் கண்ணகி சமைக்கின்றாள். ஆய்ச்சியர் கொணர்ந்த காய்களை வளைந்த வாயுடைய அரிவாளால் அரிகின்றாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. நற்றிணையின் விரலும் வியர்வையும் கண்ணும் ஈண்டும் வருகின்றன என்பதை முன்னரே பலர் காட்டியுள்ளனர். காட்டாது விட்டவை இரண்டு. முதலாவது, நற்றிணையில் நேரே கூறப்பட்ட 'புகை' என்னும் சொல் ஈண்டு இல்லை. அதற்கு ஈடாக, நற்றிணையில் இல்லாத இரு செய்திகள் உள்ளன: அட்டிலின் புறம் கரிந்திருந்தது, எரிந்தது வைக்கோல். புகையைப் பெயரிட்டுக் கூறாமல் அது சுவரில் விட்ட சுவட்டையும், அது பிறந்த பொருளையும் அடிகள் கூறினார். கண்ணின் சிவப்பு அன்றைய நிகழ்ச்சி. சுவரின் கரி பல்லாண்டு நிகழ்ச்சி. எரிபொருள்களுள் வைக்கோல் மிகுபுகை தருவதாகலின் அக்கரியின் காரணமும் உடன் விளங்குகிறது. நாள்தோறும் இங்கு எவரோ இப்புகையில் நின்றனர் என்பதைச் சுவரே சொல்கிறது.

இச்சுவரோடு மனையறம்படுத்த காதையின் சாளரத்தை ஒப்பிட்டால் காப்பியத்தின் கட்டமைப்புப் புலனாகும். புகாரில் கோவலனும் கண்ணகியும் இருந்த மாடத்தில் சாளரத்தின் சிறு துளை வழியே வண்டோடு தென்றல் நுழைந்தது, அது பள்ளியறை. இந்திரவிழவூரெடுத்த காதையிலும் மான்கண் வடிவான காலதர் மாளிகைகளுக்கே கூறப்பெற்றது. காற்று வரும் வழி காப்பியத்தில் செல்வத்தின் பகுதி. அதனை இழந்த கண்ணகிக்கு எஞ்சியது கரிந்த அட்டில். அவ்வட்டிலைக் கண்டு பெயர்ந்தாள் என்பது பொருளாகும் தொடரை, சமையல் முடித்து அகன்றாள் என்று கொள்ளாமல், உறுத்தல் பொறாது பார்வையை விலக்கினாள் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. உணவு ஆக்கியது அதன் பின்னரே கூறப்படுகிறது. அன்று பகல் கழியுமுன் துன்பமாலையில் அதே கண்கள் அழுது சிவக்கின்றன. முதற் சிவப்பை 'இல்லறக் கடமை' என்றும் இரண்டாவதை 'அவலம்' என்றும் பிரித்துப் பாடஞ்சொல்வது நம் வசதி. அடிகள் இரண்டையும் ஒரே நாளில், ஒரே கண்ணில் வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் அம்பை 1988 இல் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்று தம் தொகுதிக்குப் பெயரிட்டபோது எழுப்பிய இடம் பற்றிய வினாவுக்கு, கரிந்த அட்டில் ஒரு முன்னோடி என்று காட்டலாம். அது தனியே ஆராயத்தக்கது.

காட்டாது விட்ட இரண்டாவது, வைக்கோலில் எரி மூட்டியவள் யார் என்பது. மாதரியின் மகள் ஐயை. கண்ணகி அன்று ஒருநாள் அவ்வட்டிலில் நின்றாள். அதற்கு முன்னும் அங்கு தீ மூட்டியவள் ஐயையே ஆதல் வேண்டும். கரியின் கணக்கு அவளுடையது. அவள் அடுப்பை ஊதினாளா, குனிந்தாளா, அவள் கண்ணில் நீர் வந்ததா என்பன கூறப்படவில்லை. சமைத்தல் தெரிந்த கையினளாகிய கண்ணகி அவளோடு சேர்ந்து காதலனுக்கு உணவு ஆக்கினாள் என்று ஓரடியிற் சொல்லி, பனையோலைத் தடுக்கில் கோவலன் அமரும் இடத்திற்குக் காதை சென்றுவிடுகிறது.